வீட்டில் மருமகள் இருக்கிறாள் என்று சொன்னேன்

என் காலைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு வீட்டில் வைத்து ஆர் பார்த்தது? எவ்வளவு காசு முடிஞ்சது? ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி எனக்கு வாய் உளைந்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். இனிக் கேட்கிறவர்களிடம் இந்தக் கொப்பியை நீட்டிவிட்டுப் பேசாமல் இருப்பேன். நான் பேசாமல் இருப்பேன் என்பதை இவர் நம்பவில்லை.

இவர் என்றால் என் கணவர். கூட்டுறவுச் சங்கக் கடையில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் எங்கள் தீவூர் சரவணையில் உப தபாலதிபராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். ஒரே மகன் குமரன். அவனும் மருமகள் சுகன்யாவும் பேரனும் கனடாவில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் சொல்லாமல் விட்டதால் வந்த வினைதான் மிச்சக் கதை முழுவதும்.

எனக்குச் சலரோகம், அதுதான் சீனி வருத்தம், பத்துப் பன்னிரண்டு வருடமாக இருக்கிறது. குளிசையை நினைத்தால் போடுவேன், கலியாண வீட்டில் இலட்டு வைத்தால் மறந்துவிடுவேன். போன வருடம் கோயில் தேரன்று, உச்சி வெயிலில், எல்லாப் பெண்களும் போல வெறுங்காலோடு தேருக்குப் பின்னால் மூன்று சுற்று நடந்தேன். பக்கத்தில் நடந்தவர்கள் மணல் சுடுகிறது என்று துள்ளித் துள்ளி வந்தார்கள். எனக்குச் சுடவே இல்லை. பக்தி கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன், விசரி.

மூன்றாம் நாள் இவர்தான் கண்டார். வலது சின்ன விரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து கறுத்துப் போயிருந்தது.

"இஞ்சேரும், உது என்ன காலில?"

"ஒண்டுமில்லை. நோகேல்லை."

"நோகாததுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. வெளிக்கிடும்."

மண்டைதீவுப் பாதையால் பஸ்ஸில் போய்ப் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் இறங்கினோம். அன்றைக்கே வாட்டில் மறித்துவிட்டார்கள். அங்கே ஒரு இளம் டொக்டர், என் மகனைவிடச் சின்னவ, கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு எனக்கு விளங்கப்படுத்தினா. சீனி கனகாலம் கூடி நின்றால் பாதத்தின் நரம்புகள் உணர்வை இழந்துவிடுமாம். சுட்டாலும் தெரியாது, முள் ஏறினாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைவதால் புண் ஆறாது. காலையில் ஊசி குத்திப் பார்க்கிற சீனி அன்றைய சீனி. அதைவிட இன்னொரு சோதனை இருக்கிறது, அது கடந்த மூன்று மாதச் சீனியைக் காட்டிக் கொடுத்துவிடும். கிளினிக்குக்கு முதல்நாள் மட்டும் சோற்றைக் குறைத்து டொக்டர்மாரை ஏமாற்றிய என் கெட்டித்தனம் எல்லாம் அந்த ஒரு துண்டில் வெளிச்சத்துக்கு வந்தது.

எலும்புக்குள் கிருமி இறங்கியதா என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். சீழைத் துடைத்தெடுத்து, அதில் இருக்கிற கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்க அனுப்பினார்கள். அந்த முடிவு வரும்வரைக்கும் நாளத்தால் ஊசி மருந்து ஏறியது. பிறகு தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் சின்ன விரலை எடுத்து, செத்த சதையையும் வழித்துவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் விறைக்க ஊசி போட்டதால் நடந்ததெல்லாம் காதில் விழுந்தது. எனக்கு அழுகை வந்தது. ஒரு விரலுக்காக ஏன் அழ வேண்டும் என்று கேட்காதீர்கள். உங்கள் விரல் போகட்டும், பிறகு கதைப்போம்.

இவர் ஒவ்வொரு நாளும் முதல் பஸ்ஸில் வந்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து குசினிக்குள் தண்ணீர் குடிக்க மட்டும் போன மனிதர், எனக்குக் குரக்கன் மாவில் புட்டு அவித்துக்கொண்டு வந்தார். முதல்நாள் புட்டை எறிந்தால் மாங்காய் விழுந்திருக்கும். நான் ஒரு சொல் சொல்லாமல் தின்றேன். நான்காம் நாள் நல்லாக வந்தது. அதைச் சொன்னபோது அந்த முகம் மலர்ந்ததை வாட் முழுவதும் பார்த்தது.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற நாளில், வாட் தாதி, நாங்கள் மிஸ்ஸி என்போம், ஒரு படிவத்தோடு கட்டிலடிக்கு வந்தா.

"அம்மா, ஒண்டை விட்டு ஒரு நாள் புண்ணைக் கழுவி மருந்து கட்டவேணும். காலை ஊண்டக் கூடாது. வீட்டில பாக்கிறதுக்கு ஆர் இருக்கினம்?"

நான் யோசித்துக்கொண்டிருக்க அவவே சொன்னா. "ஒருத்தரும் இல்லையெண்டா சொல்லுங்கோ, உங்கட பகுதிச் சுகாதாரப் பணிமனைக்குக் கடிதம் தாறம். அங்கயிருந்து மிஸ்ஸி வீட்டுக்கே வந்து கட்டுவா. காசு ஒண்டும் குடுக்கத் தேவையில்லை."

அந்தக் கடைசி வசனம்தான் என்னைக் கெடுத்தது. என்னுடைய தபாலகத்தில் மாதாமாதம் அரசாங்க உதவிப் பணம் கொடுப்போம். ஊரில் அதற்குப் பிச்சைச் சம்பளம் என்று பெயர். பார்க்க ஆளில்லாதவர்களுக்கு வருகிற காசு. அவர்கள் வரிசையில் நிற்பார்கள், நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பேன். முப்பது வருடம் இந்தப் பக்கம் இருந்தவள், கனடாவில் மகனை வைத்துக்கொண்டு, எனக்கு ஒருத்தரும் இல்லை, இலவசமாக ஆள் அனுப்புங்கோ என்று சொல்வதா? என் வாய் தன்பாட்டில் திறந்தது.

"மருமகள் வீட்டில இருக்கிறா."

"நல்லதாப் போச்சு. நீங்கள் போக முதல் அவவை ஒருக்கா வரச் சொல்லுங்கோ. கட்டிற விதத்தைக் காட்டி விடுறன்."

"அவவுக்குத் தடிமன், ஒரே தும்மல். வாட்டுக்குள்ள வரக்கூடாதெல்லே."

"அப்ப ஐயாவுக்குக் காட்டிறன்."

ஐயா மேலே சுழலுகிற காற்றாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். மிஸ்ஸி படிவத்தில் எழுதிக்கொண்டு போனா. காலம் முழுவதும் படிவத்தில் பிழை எழுதுகிறவர்களை ஏசினவள் நான். வீட்டுக்குப் போகிற ஓட்டோ பண்ணைப் பாலம் தாண்டியது. இவர் மெல்லக் கேட்டார்.

"சுகன்யா எப்ப வந்தவ? எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை."

"சும்மா இருங்கோ."

"இல்லை, தடிமன் எண்டனீர். கொத்தமல்லி அவிக்கவோ எண்டு கேட்டனான்."

சிரிப்பாகத்தான் இருந்தது, இரண்டு நாளுக்கு. மூன்றாம் நாள் இவர் மருந்து கட்ட உட்கார்ந்தார். மிஸ்ஸி காட்டியதெல்லாம் மண்டையில் இருந்தது, கையில் வரவில்லை. புண்ணைக் கண்டதும் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். நான் காலை நீட்டிக்கொண்டிருந்து அவருக்கு விசிறினேன். பிறகு இரண்டு தரம் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடித்துப் போனோம். அங்கே நன்றாகத்தான் கட்டினார்கள். ஆனால் ஏறி இறங்கக் காலை ஊன்ற வேண்டியிருந்தது, புண் வாய் திறந்து இரத்தம் கசிந்தது. ஓட்டோக் காசும் சும்மா இல்லை.

விசயம் குமரனுக்குப் போனது. "அம்மா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, நான் ஆள் பிடிக்கிறன்" என்றான். அங்கே இருந்தபடியே இணையத்தில் தேடி, வீட்டுக்கு ஆள் அனுப்புகிற ஒரு தனியார் இடத்தில் பதிந்தான். அடுத்த நாள் வெள்ளை உடுப்போடு ஒரு பிள்ளை வந்து இறங்கியது. நல்ல பிள்ளை. குளிக்க வார்த்தது, தலை வாரி இழுத்தது, என் உடுப்பை மடித்து அலுமாரியில் அடுக்கியது. புண்ணுக்கும் மருந்து கட்டியது. வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் எல்லோரும் தாதி என்று நான் நினைத்தேன், குமரனும் நினைத்தான்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் விழுகிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்களில் இரண்டு வகை இருக்கிறது. ஒருவர் பராமரிப்பாளர். குளிக்க வைப்பது, சாப்பாடு தீத்துவது, பிடித்து நடத்துவது அவரின் வேலை. மற்றவர் படித்த தாதி. புண், ஊசி, குழாய் எல்லாம் அவரின் வேலை. இரண்டுக்கும் விலை வேறு. பராமரிப்பாளருக்கு நாட்கூலி, அதோடு மூன்று நேரச் சாப்பாடும் படுக்க இடமும். தாதிக்கு ஒவ்வொரு வரவுக்கும் காசு, தீவுப்பக்கம் என்றால் வாகனக் கூலி தனி. குமரன் பதிந்தது முதல் வகையை. அவன் ஒப்புக்கொண்ட பத்திரத்தில் புண் பார்ப்பது இதில் அடங்காது என்று தெளிவாக எழுதியிருந்ததாம். அதை அவன் வாசிக்கவில்லை. ஏன் புண்ணைத் தொட்டாய் என்று அந்தப் பிள்ளையைக் கேட்கவும் முடியாது. நான் கட்டச் சொன்னேன், அது கட்டியது.

ஒரு கிழமை கழித்துச் சுகன்யா தனியாகக் கோல் எடுத்தாள்.

"மாமி, உங்களுக்கு இப்ப எப்பிடி?"

"நல்லா இருக்கிறன் பிள்ளை. குமரன் எங்க?"

"வேலைக்கு."

"இண்டைக்கு அங்க ஞாயிற்றுக்கிழமையெல்லே?"

குரலைத் தாழ்த்தினாள். "இப்ப ஞாயிறும் போறார் மாமி. நான் சொன்னனான் எண்டு சொல்லிப் போடாதேங்கோ. குறையாச் சொல்லேல்லை. அவருக்கு உங்களை நினைச்சா நித்திரையே வருகுதில்லை."

 வெள்ளை உடுப்புப் பிள்ளையின் ஒரு மாதக் கூலி என் ஓய்வூதியத்தைவிடக் கூட. என் ஓய்வூதியக் காப்புறுதியைக் கேட்டுப் பார்த்தோம். அது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நாட்களுக்குத்தான் தரும், வீட்டில் கிடந்தால் தராது. என் கௌரவத்துக்கு என் பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. திறக்க வைத்தது புண்ணின் மணம். ஒரு நாள் காலையில் கட்டை அவிழ்க்க, எனக்கே தெரிந்தது. இவர் உடனே ஓட்டோவைக் கூப்பிட்டார்.

கிளினிக்கில் சனம் நிறைந்து வழிந்தது. மர வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த மனிசியை எங்கேயோ கண்ட ஞாபகம். அவவும் காலைக் கட்டியிருந்தா. என்னைப் பார்த்துச் சிரித்தா. நான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். என் முறை வந்தபோது அதே இளம் டொக்டர்தான் இருந்தா. கட்டை அவிழ்த்துப் பார்த்தா. முகம் மாறியது.

"அம்மா, பக்கத்து விரலுக்கும் ஏறிப் போச்சு. அதை எடுக்கத்தான் வேணும். இதோட நிண்டா நல்லது. நிக்காட்டி முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும். நான் உங்களைப் பயப்படுத்தச் சொல்லேல்லை, உண்மையைச் சொல்லுறன்." பிறகு என் துண்டைப் புரட்டினா. "மருமகள் கட்டுறதெண்டு போட்டுக் கிடக்கு. அவ வந்திருக்கிறாவோ? அவவோட நான் கதைக்க வேணும்."

இவர் வாயெடுத்தார். எனக்காக இன்னொரு பொய் சொல்லத்தான் போகிறார் என்று தெரிந்தது. நான் அவர் கையைப் பிடித்தேன். கதவு திறந்திருந்தது, வாங்கில் இருந்த அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே என்ற சொல் காதுக்குள் நின்றது.

"டொக்டர், நான் பொய் சொன்னனான். மருமகள் கனடாவில. வீட்டில நானும் இவரும்தான். மருந்து கட்ட ஒருத்தரும் இல்லை."

ஏசுவா என்று நினைத்தேன். அவ பேனையை எடுத்து அந்த வரியை வெட்டிவிட்டு மேலே புதிதாக எழுதினா.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே அம்மா. இஞ்ச பாதிப் பேர் பாக்க ஆளில்லையெண்டுதான் சொல்லினம்."

வெளியே வந்து வாட்டுக்குப் போகச் சில்லுக் கதிரைக்குக் காத்திருந்தபோது, பக்கத்து மனிசி கதை கொடுத்தா.

"போஸ்மாஸ்ரர் அக்கா, என்னைத் தெரியேல்லையோ? நான் பாக்கியம். உங்களிட்ட மாதாமாதம் காசு எடுக்க வாறனான்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, டக்கெண்டு மட்டுப்பிடிக்கேல்லை."

"எப்பிடி மட்டுப்பிடிக்கிறது? நீங்கள் கையெழுத்தைப் பாப்பியள், காசை வைப்பியள். நிமிந்து பாக்க மாட்டியள்." கோபமே இல்லாமல் சொன்னா. "அதை விடுங்கோ. எனக்கும் சுகாதாரப் பணிமனை மிஸ்ஸிதான் வீட்டுக்கு வாறவ. ஜெசிந்தா எண்டு பேர். நல்ல கை. பயப்படாதேங்கோ."

வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இலவசமாக வாங்குவதில் இல்லை அது. பதினைந்து வருடம் ஒரு முகத்தைப் பார்க்காமல் காசு எண்ணிக் கொடுத்ததில் இருந்தது.

இரண்டாவது விரலும் போனது. இந்த முறை துண்டு வெட்டும்போது கடிதமும் சேர்ந்து வந்தது. மூன்றாம் நாள் வாசல் படலையடியில் ஸ்கூட்டி வந்து நின்றது. ஜெசிந்தா நெடுந்தீவில் பிறந்தவ, ஊர்காவற்றுறையில் கலியாணம் முடித்தவ. உள்ளே வந்து முதலில் கேட்டது புண்ணைப் பற்றி அல்ல.

"அம்மா, இந்தப் படி எத்தினை தரம் ஏறி இறங்கிறனீங்கள்?"

சொன்னேன். உடனே இவரைக் கொண்டு கட்டிலைக் கிணற்றடிக் கதவுப் பக்கம் நகர்த்துவித்தா. கதிரை ஒன்றின் நடுவில் ஓட்டை வெட்டிக் கக்கூஸ் கதிரை செய்வித்தா. அதற்கு இவர் கொடுத்தது தச்சனுக்கு அரை நாள் கூலி. பிறகுதான் கட்டை அவிழ்த்தா. ஒண்டை விட்டு ஒரு நாள் வந்து, கழுவி, பார்த்து, கட்டி, நோட்டுக் கொப்பியில் எழுதி, இருபது நிமிடத்தில் போய்விடுவா. ஆஸ்பத்திரியில் புதிதாகத் தொடங்கிய இன்சுலின் ஊசியைப் போட இவருக்குப் பழக்கினா. ஊசிக்குப் பயப்படுவார் என்று நான் சிரித்தேன். "புண்ணுக்குத்தான் பயம், ஊசிக்கு இல்லை" என்று இவர் ரோசத்தோடு குத்தினார், ஒரு சொட்டு இரத்தம் வராமல்.

எவ்வளவு முடிஞ்சது என்பதற்கு இதுதான் பதில். ஜெசிந்தாவின் வரவுக்கு ஒரு சதமும் இல்லை. மருந்தும் கட்டுச் சீலையும் ஆஸ்பத்திரி கொடுத்தது. அங்கே முடிந்துபோன இரண்டு மூன்று தரம் மட்டும் கடையில் வாங்கினோம். விரல் இல்லாத காலுக்கென்று அளவெடுத்துச் செய்த சப்பாத்துக்குக் குமரன் காசு அனுப்பினான். அது அவன் ஆசை, நான் தடுக்கவில்லை. வெள்ளை உடுப்புப் பிள்ளையைக் கணக்குத் தீர்த்து அனுப்பினோம். போகும்போது கட்டிப்பிடித்து அழுதது. குமரன் ஞாயிறு வேலையை விட்டான் என்று சுகன்யா சொன்னாள். அன்றைக்கு நான் இரண்டு குளிசை போட மறந்துவிட்டேன், சந்தோசத்தில்.

உங்களுக்கும் இப்படி ஒன்று வந்தால், துண்டு வெட்ட முதல் வாட்டிலேயே கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கடிதம் எடுப்பது இரண்டு மடங்கு அலைச்சல். தனியார் ஆளைப் பிடிப்பதும் பிழையில்லை. ஆளைத் தூக்கி இருத்தவே பலமில்லாத வீடுகளுக்கு அது வேண்டும். ஆனால் வருகிறவர் என்ன படித்தவர், எதைச் செய்ய மாட்டார், போக்குவரத்துச் சேர்த்தியா என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு வீட்டின் உண்மை நிலையைச் சொல்லுங்கள். அவர்கள் அங்கே இருந்து இருட்டில் காசை எறிகிறார்கள்.

மாரி தொடங்கும்போது புண் மூடிவிட்டது. ஜெசிந்தா கடைசியாகப் பார்த்து, "இனி நான் வரத் தேவையில்லை அம்மா" என்றா. எனக்குச் சந்தோசமாக இல்லை. அந்த ஸ்கூட்டிச் சத்தத்துக்கு என் காது பழகிவிட்டது. அவ கொப்பியை மூடிவிட்டு, போகாமல் நின்றா.

"அம்மா, ஒரு உதவி. மண்கும்பானில ஒரு வீடு. கடிதம் இருக்கு, நான் ரெண்டு தரம் போனனான். அந்த அம்மா படலையே திறக்கிறா இல்லை. பிள்ளையள் லண்டனில, எங்களுக்கு உது தேவையில்லை எண்டிறா. நான் கேட்டுப் பாத்தனான், அயலில ஆரும் வந்து கதைச்சாப் பரவாயில்லையெண்டு சொன்னவ. நீங்கள் வருவியளோ?"

நான் சப்பாத்தைப் போட்டேன். இவர் ஓட்டோவைக் கூப்பிட்டார்.

அந்த வீட்டுப் படலைக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா தடியை ஊன்றிக்கொண்டு நின்றா. நல்ல சீலை, வடிவாய் இழுத்த தலை. கணுக்காலுக்குக் கீழே ஊறிப்போன கட்டு.

"எங்களுக்கு எல்லாம் இருக்கு" என்றா, நான் வாய் திறக்க முதலே. "என்ர மகள் நாளைக்கு வாறா."

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும், வாட்டில் எனக்கு வந்த அதே குரல். நான் படலைத் தூணைப் பிடித்துக்கொண்டு சப்பாத்தைக் கழற்றி, காலைத் தூக்கிக் காட்டினேன்.

"இஞ்ச பாருங்கோ தங்கச்சி. சின்ன விரல் இருந்த இடம் இது, அது சீனி வருத்தத்தில போனது. இது பக்கத்து விரல் இருந்த இடம். இது என்ர வாயால போனது."

அவ என் காலையே பார்த்துக்கொண்டு நின்றா. ஜெசிந்தா மருந்துப் பெட்டியோடு எனக்குப் பின்னால் நின்றா. பிறகு அந்த அம்மா தடியை வேலியில் சாய்த்துவிட்டுப் படலைக் கொழுக்கியைத் தூக்கினா.

"உள்ளுக்கு வாங்கோ" என்றா. "நாய் கடிக்காது."